எந்தப் பக்கம் வரி லேசு? ஒரு மிளகாய் மிஷின்காரியின் பதில்

இந்தப் பக்கம் வந்த முதல் வாரம். புதுவாயல் கூட்டு ரோட்டில் ஒரு மளிகைக் கடையில் கால் கிலோ காப்பித்தூளும் இரண்டு கட்டி துணி சோப்பும் கேட்டேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டி, சணலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, ஓட்டலில் சட்டினியா சாம்பாரா என்று கேட்கிற குரலில், "பில்லு போடவா, வாணாமா?" என்றார். எனக்கு விளங்கவில்லை. பில் வேண்டாம் என்றால் காசு வேண்டாம் என்று அர்த்தமோ, புதுக் குடித்தனத்துக்கு முதல் சரக்கைச் சும்மா கொடுக்கிற வழக்கம் இந்தப் பக்கம் உண்டோ என்றுகூட ஒரு கணம் மனசு சபலப்பட்டது.

"போட்டா இன்னா, போடாங்காட்டி இன்னா?" என்று கேட்டேன்.

"போட்டா வரி சேரும், போடாங்காட்டி சேராது. இதுகூடத் தெரியாதா? எந்த ஊரும்மா உனுக்கு?"

சொன்னேன்.

"ஓ, ஆந்திராவா! அதான். உனுக்குப் பில்லு வாணாம், எடுத்துனு போ."

ஏதோ சலுகை காட்டுகிறவர்போலச் சொன்னார். நான் பில் போடச் சொன்னேன். என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, கார்பன் தாளை நிதானமாக நீவிவிட்டு எழுதிக் கொடுத்தார். காப்பித்தூள், சோப்பு, விற்பனை வரி. மூன்றும் தமிழில். அந்த மூன்றாவது வார்த்தைக்காகச் சில பைசா கூடவே கொடுத்தேன். சீட்டு இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அங்கே இருந்த காலத்தையும் சேர்த்து, பத்து வருஷத்தில் நான் எதற்கு வரி கட்டினேன் என்று நானே படித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சத்தியவேட்டுப் பக்கம் இன்னும் இருக்கிற நம் ஜனங்களுக்கும், என்னைப்போல மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து கவரப்பேட்டை, புதுவாயல், கும்மிடிப்பூண்டி என்று ரயில் பாதை ஓரமாக ஒட்டிக்கொண்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: எந்தப் பக்கம் வரி லேசு? என் தம்பி கோவிந்தன் மாசத்துக்கு ஒரு கார்டு போடுகிறான். அவனுக்குக் கரண்டில் ஓடுகிற ஒரு எண்ணெய்ச் செக்கு இருக்கிறது. அதைப் பெயர்த்துக்கொண்டு இங்கே வந்துவிடலாமா என்று யோசனை. 'அக்கா, அங்க எல்லாம் கம்மின்னு பேசிக்கிறாங்களே, நெஜமா? டப்பு மிஞ்சுதா? ஒரு வார்த்தை எழுது' என்கிறான். ஒரு வார்த்தையில் எழுத என்னால் முடியவில்லை. நான் சொல்லப்போகிற பதிலில் கொஞ்சம் மிளகாய் நெடி இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நாங்கள் குடிபெயர்வதற்கு முன்னால் எல்லை குடிபெயர்ந்தது. கல்யாணமாகி நான் ஏறின வீடு சென்னை ராஜ்யத்தில் இருந்தது. மூத்தவள் பிறந்ததும் அதே ராஜ்யத்தில்தான். அப்புறம் எங்கோ உட்கார்ந்து யாரோ பேசி முடித்து, இந்தப் பக்கத்து ஊர்கள் சில ஆந்திராவுக்கு, அந்தப் பக்கத்து ஊர்கள் சில இங்கே என்று மாற்றிக்கொண்டார்கள். திருத்தணி, பள்ளிப்பட்டுக்காரர்கள் வெடி வெடித்து இந்தப் பக்கம் வந்தார்கள். நாங்கள் வெடி வெடிக்காமல் அந்தப் பக்கம் போனோம். போனோம் என்பதுகூடத் தப்பு. கிணறு கிணற்றிடத்தில் இருந்தது, மிளகாய்க் கொல்லை கொல்லையிடத்தில் இருந்தது, அடுப்பில் வைத்த உலைகூட இறங்கவில்லை. நிலவரிக் கிஸ்தி ரசீது மட்டும் தெலுங்கில் வந்தது. அப்பாவை நைனா என்றும் காசை டப்பு என்றும் சொல்லி வளர்ந்தவர்கள்தான் நாங்கள். தெலுங்கு எங்களுக்குக் காதில் விழுந்த பாஷை. ஆனால் கண்ணுக்குப் பழகவில்லை. சர்க்கார் நோட்டீஸ் வந்தால் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் எடுத்துப்போவோம். நல்ல மனுஷர். யாரையும் நோகப் பேசத் தெரியாது. அவர் படித்துச் சொல்லும்போதே பாதி வரி குறைந்துவிடும். கட்டப் போகிற இடத்தில்தான் அந்தப் பாதி திரும்ப முளைக்கும்.

அந்தப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு பழைய மிளகாய் மிஷின் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வரி ஆபீசர் வருவார். நான் நோட்டை எடுத்து நீட்டுவேன். யார் எவ்வளவு மிளகாய் கொண்டுவந்தார்கள், எவ்வளவு தூள் கொண்டுபோனார்கள் என்று தேதி வாரியாகத் தமிழில் எழுதி வைத்திருப்பேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து நாலு பக்கம் புரட்டி, "பாகுந்தி" என்பார். நன்றாக இருக்கிறதாம்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அப்புறம் மோட்டாரைப் பார்ப்பார். "மோட்டாரு எந்தம்மா?", எவ்வளவு என்று கேட்டு, குதிரைச் சக்தியைக் குறித்துக்கொண்டு, மொத்தமாக ஒரு தொகை சொல்லிவிட்டுப் போவார். அரைத்தாலும் அந்தத் தொகை, அரைக்காவிட்டாலும் அந்தத் தொகை. மழை பொய்த்து மிஷின் மேல் சிலந்தி கூடு கட்டின வருஷமும் அதே தொகைதான். கோபமாக வரும். ஆனால் கேள்வி கிடையாது. கண்ணைக் கட்டிக்கொண்டு அடிக்கிற அடி. எங்கே விழும் என்று தெரியாது, ஆனால் ஒரே அடிதான்.

என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பி இழுக்கிற ஆலையில் பிட்டர் வேலை கிடைத்தபோது, இனி நடுவில் நின்று அல்லாட வேண்டாம் என்று கிளம்பினோம். எனக்கும் ஒரே இடத்தில் உட்கார வராது. காலில் சக்கரம் என்று என் மாமியார் சொல்வார். என் தாலிச் சங்கிலியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டேன். எனக்கு வந்த மாந்தோப்புப் பங்கையும் விற்றோம். அந்தப் பணம் புதுவாயலில் ஒரு தகரக் கொட்டகையாகவும் புது மோட்டாராகவும் மாறியது. அவர் ஆலைக்கு, நான் மிஷினுக்கு. சரியாகச் சொன்னால், மிஷின் போனால் நாங்கள் திரும்பிப் போய்த் தம்பி வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அதற்குமேல் எங்களிடம் கழற்ற ஒன்றும் இல்லை.

வந்தவுடனே நான் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன், நீங்களும் கேட்பீர்கள் என்று தெரியும். வீட்டு வரி அங்கே குறைவு. கூரையா ஓடா என்று மட்டும் பார்ப்பார்கள். இங்கே பஞ்சாயத்து ஆள் நாடா பிடித்து நீள அகலம் அளந்தார், கோழிக் கூண்டையும் சேர்த்தா என்று நான் கேட்டதற்கு, "கோழி வாடகை தருதா?" என்று கேலி பண்ணினார். வரி கூடத்தான் வந்தது. ஆனால் தெருவிளக்கு எரிகிறது. என் வீட்டுக்காரருக்கு அரை வருஷத்துக்கு ஒருமுறை தொழில் வரி பிடிக்கிறார்கள். கொல்லையில் கூலிக்குக் களை பிடுங்கின காலத்தில் அப்படி ஒரு வரி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. மிளகாய்க்கு வரியை அங்கே விளைந்த இடத்திலேயே, மண்டியில் எடை போடும்போதே தட்டிப் பறித்துக்கொள்கிறார்கள். இங்கே விற்கிற இடத்தில் கேட்கிறார்கள். சோப்பு, காப்பித்தூள், விளக்கு மேண்டில் எல்லாம் இங்கே ஒரு சொட்டு கூட. பில் போடாவிட்டால் ஒரு சொட்டு குறைவு. அங்கே மூடின முஷ்டி, இங்கே விரித்த ஐந்து விரல். எது வலிக்கும் என்று கேட்டால் கன்னத்தைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது மிஷினுக்கு வருகிறேன். ஒரு வழக்கத்தைச் சொன்னால்தான் அப்புறம் நடந்தது புரியும். மிளகாய்த்தூள் வீட்டுக்கு வீடு வேறு. கன்னியம்மா என்று ஒருத்தி, நெல் விளைவிக்கிற குடும்பம், மல்லி இரண்டு பங்கு போட்டு, கடலைப்பருப்பும் துவரம்பருப்பும் வறுத்துச் சேர்த்துக் கொண்டுவருவாள். அஞ்சலை என்று ஒருத்தி, பழவேற்காட்டு ஏரியில் வலை போடுகிற குடும்பம், மீன் குழம்புக்கு மிளகும் சீரகமும் தூக்கலாக இருக்க வேண்டும் அவளுக்கு. ஒருத்தி தூளில் இன்னொருத்தி தூள் ஒரு சிட்டிகை கலந்தாலும் சண்டைதான். அதனால் ஒரு வீட்டு மிளகாய் முடிந்து அடுத்த வீட்டு மிளகாயைப் போட்டதும் முதலில் விழுகிற ஒரு பிடித் தூளைத் தனியாக எடுத்துவிடுவோம். அதில் முந்தின வீட்டு வாசனை ஒட்டியிருக்கும். இருவருக்கும் வேண்டாத அந்த முதல் பிடி மிஷின்காரருக்கு. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, எல்லை மாறினபோதும் மாறாத ஒன்று. நாள் முழுக்கச் சேர்கிற முதல் பிடியெல்லாம் ஒரு டின்னுக்குப் போகும். அதைக் கூட்டு ரோட்டு ஓட்டல்காரர் வாங்கிக்கொள்வார். பாதி தாலுக்காவின் குழம்பும் கலந்த தூள் அது. ஆலை வேலைக்கு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அந்த ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, "எங்க ஊட்டுக் கொயம்பு மாரியே கீது" என்பார்கள். ஒவ்வொருவரும் சொல்வார்கள்.

நோட்டையும் அந்தப் பக்கத்து வழக்கப்படியே எழுதினேன். அங்கேதான் தப்பு. நாளுக்கு இரண்டே பஸ் வருகிற ஊரில், பெண்கள் மிளகாயைப் போட்டுவிட்டுப் போய் மறுநாள் வந்து தூளை எடுப்பார்கள். அதற்காக, கன்னியம்மா மிளகாய் வரவு மூன்று கிலோ, கன்னியம்மா தூள் செலவு மூன்று கிலோ என்று எழுதுவது எங்கள் பழக்கம். ஓரத்தில் ஞாபகத்துக்கு ஏதாவது கிறுக்கி வைப்பேன். 'பருப்பு நன்றாக வறுத்தது.' 'அஞ்சலை: மிளகு கூட, மகளுக்குப் பிரசவம், அவளுக்குக் காரம் தனியாக.' 'இன்று காற்று கிழக்கே, கொட்டகை முழுக்கச் சிவப்பு.' எழுத ஆரம்பித்தால் எனக்குக் கை நிற்காது. தூளுக்குப் பதில் வார்த்தையை அரைத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாம் வருஷம் வரி ஆபீசர் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர். குடையை மடக்கி மூலையில் சாய்த்துவிட்டு, "கணக்கு இருக்காம்மா?" என்றார். பழக்க தோஷத்தில் சந்தோஷமாக நீட்டினேன். அவர் நோட்டை நேராகப் பிடித்தார். அந்த ஒரு காரியத்திலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. என் எழுத்தை ஒரு ஆபீசர் படிக்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. அவர் நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தார். படித்துவிட்டு, "இவ்வளவு மிளகாய் வாங்குறீங்க, இவ்வளவு தூள் விக்கிறீங்க, இதுக்கெல்லாம் வரி எங்கம்மா?" என்றார்.

"நான் எங்க சார் வாங்கறேன்? அதெல்லாம் அவங்கவங்கள்து. நான் கூலிக்கு அரைச்சிக் குடுக்கறேன்."

"வரவுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"வந்துச்சி, எழுதனேன்."

"செலவுன்னும் எழுதியிருக்கீங்க. யாருக்கு எவ்வளவுன்னு பேரோட இருக்கு. மிளகாய் ஒரு சரக்கு, தூள் வேற சரக்கு. ஒண்ணை வாங்கி இன்னொண்ணா மாத்தி வித்தா அது வியாபாரம்."

நான் விளக்கினேன். அவர் பேசினதும் தமிழ், நான் பேசினதும் தமிழ். இரண்டும் ரயில் தண்டவாளம்போல ஓடிக்கொண்டே இருந்தன, ஒட்டவில்லை. பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. எந்த வாத்தியாரும் வேண்டியிருக்கவில்லை. நானே படித்தேன். நோட்டில் இருக்கிற தூள் அத்தனையும் என் விற்பனை என்று வைத்துக்கொண்டு வரி, அதற்குமேல் பதிவு செய்யாததற்கு அபராதம், ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளில் சொல்லலாம். கீழே போட்டிருந்த தொகைக்கு மோட்டாரையும் கொட்டகையையும் சேர்த்துக் கொடுத்தாலும் போதாது. சொந்தப் பாஷைக்காரன் ராஜ்யம் என்று ஓடி வந்து, எழுத்துத் தெரிந்தவர் கையில் மாட்டிக்கொண்டோம். தலைகீழாகப் பிடித்து 'பாகுந்தி' சொன்ன மனுஷரை நினைத்து அன்றைக்கு ஏங்கினேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "கோவிந்தனுக்குக் கார்டு போட்டுடவா, வரோம்னு?" என்றார். "ஆட்சேபணைய எழுதிட்டுப் பாக்கலாம்" என்றேன். எழுதினேன். நாலு பக்கம். முதல் பிடி வழக்கத்தையும் அதில் எழுதினேன். எழுதிவிட்டு, அதை ஏன் எழுதினோம், கேட்காததை ஏன் சொன்னோம் என்று அடித்துவிடப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி ஆகிவிடும் என்று அப்படியே தபாலில் போட்டேன்.

ஆபீசர் மறுபடி வந்தார். இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல், பகல் பதினொரு மணிக்கு, மிஷின் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில். பலகையில் எட்டு பிஸ்கட் டின்கள் வரிசையாக இருந்தன, எல்லாம் ஒரே அளவு, ஒரே தகரம். முந்தின நாள் அரைத்தவை. கன்னியம்மாவும் அஞ்சலையும் இன்னும் ஐந்து பேரும் வந்து காத்திருந்தார்கள். மோட்டாரை நிறுத்தினேன். திடீரென்று வந்த அமைதியில் லாரிச் சத்தம் உள்ளே நுழைந்தது.

"டின்னுல பேர் எழுதலையே. எது யாருதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் ஆபீசர்.

"எடுக்கறவங்களுக்குத் தெரியும் சார்."

"அதான் எப்படின்னு கேக்கிறேன்."

நான் வாய் திறப்பதற்குள் அஞ்சலை முந்திக்கொண்டாள். "இன்னா சார் கேக்கற? கொடியில காயற சட்டைங்கள்ல எம் புருசன் சட்டை எதுன்னு எனுக்குத் தெரியாதா?"

பெண்கள் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை. எல்லோரையும் வாசல் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். தானே டின்களை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்தார். அப்புறம் என் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இப்ப வந்து எடுங்க பாப்போம்" என்றார்.

ஒருத்தி தடுமாறினால் போதும். கன்னியம்மா முதலில் போனாள். ஒரு மூடியைத் திறந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனவள் படாரென்று ஒரு தும்மல் போட்டு மூடினாள்.

"இது என்து இல்ல. ஏரிக்கரைத் தூளு. மிளகு மூக்குல ஏறுது."

"எனுக்குன்னு அரைச்சதுல உனுக்கின்னா மூக்கு? துன்னு பாரு, ரெண்டு நாளைக்கு உன் வாயி பேசாது" என்று அஞ்சலை அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அய்ய, உன் கொயம்பத் துன்னுதான் உன் வாயி இப்டி ஆயிருக்குது!" என்றாள் கன்னியம்மா. மூன்றாவது டின்னில் அவள் கை நின்றது. உள்ளங்கையில் ஒரு சிட்டிகை போட்டு நக்கிப் பார்த்தாள். "இதான். பருப்பு வறுத்த வாசன வருது பாரு சார்."

ஆபீசர் நோட்டைப் பிரித்து ஓரத்துக் கிறுக்கலைப் படித்தார். "பருப்பு நன்றாக வறுத்தது" என்று சத்தமாகவே படித்தார். பிறகு டின்னுக்குள் குனிந்தார். குனிந்திருக்கக் கூடாது. தும்மல் வந்தது. ஒன்றில்லை, வரிசையாக ஏழெட்டு. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டிருந்தபோதே மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு டின்னை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். ஒருத்தியும் தப்பு பண்ணவில்லை.

"சரிம்மா. ஆனா வரும்போது மிளகாய், போகும்போது தூள். சரக்கு மாறிப் போச்சில்ல?" என்றார் அவர், கண்ணில் நீரோடு. சட்டத்தை விடவில்லை மனுஷர்.

"இன்னா சார் மாறிப் பூட்ச்சி?" அஞ்சலை டின்னைக் கீழே வைத்துவிட்டாள். "ஆரம்பாக்கத்துல பொறந்தேன், ஏரிக்கரையில கட்டிக்குட்த்தாங்க. எட்டுப் புள்ள பெத்து இட்சி அரைச்ச மாரி ஆய்ட்டேன். அதுக்குன்னு நான் வேற ஆளா? எங்கம்மா வந்தா என்னியத் தெரியாதுன்னுவாளா? எம் மொளவா எம் மொளவாதான்."

ஆபீசர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பலகையைப் பார்த்தார். ஒரு டின் மிச்சம் இருந்தது. யாரும் அதன் பக்கம் போகவில்லை.

"இது யாருது?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள். எனக்காக ஒரு பொய் அவள் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது தெரிந்தது. 'வராதவ ஒர்த்தி டின்னு சார்' என்று அவள் சொன்னால் முடிந்தது. ஆனால் முகர்ந்து பார்த்துத்தானே ஏழு டின்னும் மீண்டன? எட்டாவது மட்டும் முகம் தெரியாத ஒருத்தியுடையது என்றால் ஏழும் சந்தேகமாகிவிடும். தவிர, நாலு பக்கத்தில் நானே எழுதி அனுப்பியாகிவிட்டது.

"அது எங்கள்து சார். முதல் பிடி. ஓட்டலுக்கு விக்கறேன்" என்றேன்.

"எவ்வளவு?"

சொன்னேன். மாசத்துக்கு எத்தனை டின், என்ன விலை. ஓட்டல்காரர் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். அந்த டின்னையும் திறந்தார். இந்தத் தடவை தூரத்தில் வைத்துக்கொண்டே முகர்ந்தார். மூடியை மெதுவாக அழுத்தி மூடினார். "எங்க வீட்டுத் தூள் மாதிரி இருக்கு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் பஸ் ஏறுகிறவரை நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்புறம் அடக்க முடியவில்லை.

உத்தரவு மூன்று வாரம் கழித்து வந்தது. நான் மிஷினை நிறுத்தாமலே பிரித்தேன். கூலிக்கு அரைத்துக் கொடுத்த தூள் மிஷின் உரிமையாளரின் விற்பனை ஆகாது. முதல் பிடி என்னும் தூள் மட்டுமே அவருடைய விற்பனை. அந்தத் தொகை வரி விதிக்கும் வரம்புக்குக் கீழே இருப்பதால் வரியும் அபராதமும் ரத்து. இனி 'வரவு, செலவு' என்று எழுதாமல் உரிமையாளர் பெயர், ஊர், பொருள், கூலி என்று கட்டம் போட்டு எழுத வேண்டும். நாலு தடவை படித்தேன். ஐந்தாம் தடவை எழுத்து தெரியவில்லை. கண்ணில் மிளகாய்த் தூசி என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். "ஆமா, இத்தினி வருசம் இல்லாத தூசி" என்றாள் அவள். கையில் இருந்த முறத்தை வாங்கிக்கொண்டு என்னை வெளியே தள்ளினாள். "போயி நாஷ்டா துன்னுட்டு வா யக்கா. மூஞ்சப் பாரு, பேஜாரு புட்ச்ச மாரி."

கூட்டு ரோட்டு ஓட்டலுக்குப் போனேன். தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. இட்லியும் குழம்பும். என் தூள் போட்ட குழம்பு. மாதவரத்திலிருந்து வந்த லாரிகள் வடக்கே போய்க்கொண்டிருந்தன, வடக்கிலிருந்து வந்தவை தெற்கே போய்க்கொண்டிருந்தன. எதுவும் என்னை ஏற்றிக்கொண்டு போக வரவில்லை என்ற நினைப்பே இன்னும் இரண்டு இட்லி சாப்பிட வைத்தது. கையை அலம்பிவிட்டுக் கல்லாவில் நின்று, "பில்லு போடுங்க" என்றேன். ஓட்டல்காரர், "உனுக்கு எதுக்கும்மா பில்லு?" என்றார். "எனுக்குப் படிக்கணும்" என்றேன்.

ஆகவே கோவிந்தா, உனக்கு என் பதில். குடியிருக்க மட்டும் வருவதானால் வா. வீட்டு வரி கூட, கடை வரி கூட, ஆனால் ரசீதை நீயே படிக்கலாம், தப்பென்றால் நாலு பக்கம் நீயே எழுதலாம். அதற்கு எவ்வளவு மதிப்பு என்று உனக்கே தெரியும். செக்கைப் பெயர்க்காதே. நீ எள்ளை வாங்கி எண்ணெயை விற்கிறவன். உன்னுடையது முழுக்க முழுக்க வியாபாரம். இங்கே ஒவ்வொரு டின்னுக்கும் கணக்குக் கேட்பார்கள். அங்கே மொத்தமாக ஒரு தொகையோடு விடுகிறார்கள். நல்ல விளைச்சல் வருஷத்தில் அந்தத் தொகை உனக்கு லேசுதான். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கிறார்கள், புதுசாக வருகிற ஆலைகளுக்கு வரியில் ஏதோ தள்ளிக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு இருக்கிறது. அது உன் செக்கு வரைக்கும் இறங்கி வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் அங்கேயே ஓட்டு.

இதையேதான் அவனுக்குக் கடிதத்திலும் எழுதினேன். தம்பி செக்கோடு வரவில்லை. ஒரு மூட்டை மிளகாயோடு வந்தான். நைனா கொல்லையில் விளைந்தது, வீட்டுச் செலவுக்கு. எல்லைச் சாவடியில் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, "விக்கவா?" என்று கேட்டார்களாம். "சொந்தக் கொல்லை சார், சொந்த அக்கா மிஷினு, சொந்த வயிறு" என்றானாம். மூட்டையை அவர்களே திரும்பக் கட்டிக் கொடுத்தார்களாம்.

அன்றைக்குக் கன்னியம்மா வீட்டு மல்லி முடிந்து, அடுத்ததாக எங்கள் மிளகாய் தொட்டியில் விழுந்தது. முதல் பிடியைக் கையில் ஏந்தினேன். சூடாக இருந்தது. பாதி புதுவாயல், பாதி எங்கள் ஊர். எது எது என்று கன்னியம்மாவின் மூக்காலும் பிரிக்க முடியாது. புது நோட்டில் கட்டம் போட்டிருந்தேன். பொருள்: முதல் பிடி. உரிமையாளர்: என் பெயர். கூலி: இல்லை. ஊர் என்கிற கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரை எழுதினேன். அதன் கீழே, இடம் போதாமல் எழுத்தை நெருக்கி, புதுவாயல் என்று எழுதினேன். வருஷக் கடைசியில் ஆபீசர் வந்தார். வாசலிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, நோட்டை நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டே வந்தார். அந்தக் கட்டத்தில் சிவப்புப் பென்சில் நின்றது. என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் இரண்டு ஊரின் மேலும் படுகிற மாதிரி, நீளமாக ஒரே ஒரு டிக் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.